திரைக்குப் பின்னே நடப்பது

தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று கணினியில் நம் பதிவெண்ணைக் கொடுக்கிறோம். மறுகணமே நம் பெயரும் மதிப்பெண்களும் தோன்றுகின்றன. இலட்சக்கணக்கான மாணவருக்கும் தனித்தனிப் பக்கம் எழுதி வைத்தவர் யார்? ஒருவருமில்லை. எழுதி வைக்கப்பட்டது ஒரே பக்கந்தான்! அது எவ்வாறு எனக் காண்போம்.

வலைப்பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் அமைகின்றன. அதன் நடுவே நிரல் வரிகளையும் சேர்த்து எழுதலாம். இதற்கென அமைந்த மொழிகளுள் ஒன்று பி.எச்.பி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994இல் தம் சொந்த வலைப்பக்கத்திற்காக இதனை எழுதத் தொடங்கி, 1995இல் உலகிற்கு வழங்கினார்.

நாம் ஒரு பக்கத்தைக் கேட்டதும், சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி அக்கோப்பை நிரல் இயக்கும் மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. அம்மென்பொருள் கோப்பை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. எச்.டி.எம்.எல். வரிகளை உள்ளது உள்ளபடியே எடுத்து வைக்கிறது. கோண அடைப்புக்குறியும் கேள்விக்குறியும் சேர்ந்து வந்தால், இனி வருவது நிரல் என்று அறிகிறது. அதனைச் செயற்படுத்தி, கிடைத்த விடையை அவ்விடத்தில் வைக்கிறது. இவ்வாறு நிரப்பி முடிந்த பக்கமே நம்மை வந்தடைகிறது, நிரல் வருவதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் இதற்கு மாறானது. அது பக்கத்தோடு நம் கணினிக்கே வந்து பிரவுசரில் இயங்குகிறது. யாரும் அதனைப் படிக்கலாம். ஆகவே இரகசியம் எதனையும் அதில் எழுதலாகாது.

வழங்கியைச் சரிவர அமைக்காவிடில், பி.எச்.பி. நிரலும் இயக்கப்படாமல் அப்படியே வெளியே போய்விடும். 2007 ஆகஸ்டில் ஃபேஸ்புக் முகப்புப் பக்கத்தின் நிரல் இவ்வாறே வெளிப்பட்டது. அந்நிரலுள் கடவுச்சொல் இருந்தால் என்னாகும்? தகவல் களஞ்சியம் முழுவதும் அந்நியர் கைக்குப் போகும். எனவே கடவுச்சொல்லை வலைப்பக்கங்கள் உள்ள இடத்திற்கு வெளியே தனியே வைப்பர்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் பெயருக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதிவிடலாம். அதனை ஆராயாமல் பக்கத்தில் சேர்த்தால், அப்பக்கத்தைப் பார்க்கும் பிறருடைய பிரவுசரில் அது இயங்கத் தொடங்கும். ஆதலால் கோண அடைப்புக்குறிகளை வெறும் எழுத்தாகத் தோன்றும் குறியீடுகளாக மாற்றிய பின்னரே பக்கத்தில் இடவேண்டும்.

தோழியரே! நம்முள் சிலர் நாளை நிரல் எழுதுவோம். அன்று எத்தனையோ குடும்பங்களின் பெயரும் முகவரியும் மதிப்பெண்ணும் நம்மை நம்பியிருக்கும். பக்கம் அழகாகத் தோன்றினால் மட்டும் போதாது. அதன் பின்னே உள்ளதும் காவலாக இருத்தல் வேண்டும்.