நான்கெழுத்துச் சுவடி

நுழையும்முன்

சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டு நூல்களைப் பதிப்பித்த மரபு தமிழுக்கு உண்டு. உயிரின் செய்தியை வாசிப்போரும் இன்று அத்தகைய பணியையே கணினியின் துணையுடன் செய்கின்றனர். புதிய நோயொன்றின் காரணத்தைத் தேடிய நாள்களில் அப்பணி எவ்வாறு நடந்தது என்பதை அறிவோம்.

உயிரின் எழுத்துகள்

டி.என்.ஏ. மூலக்கூறு அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்னும் நான்கு காரங்களின் வரிசையில் மரபுச்செய்தியைத் தாங்கியுள்ளது. இவற்றை முறையே ஏ, ஜி, சி, டி என்னும் எழுத்துகளால் குறிப்பர். ஓர் உயிரியின் மரபுச்செய்தி முழுவதும் மரபணுத்தொகை எனப்படும். மனித மரபணுத்தொகை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைக் கொண்டது. அதனை வாசிக்க 1990இல் தொடங்கிய பன்னாட்டுத் திட்டம் 2003இல் நிறைவுற்றது.

பின்னர் வந்த ‘அடுத்த தலைமுறை வரிசையாக்கக்’ கருவிகள் கோடிக்கணக்கான துணுக்குகளை ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. ஆயினும், அவற்றுள் பெரும்பாலானவை தருவன சில நூறு எழுத்துகளுக்கு மிகாத துணுக்குகளே. ஒரு துணுக்கு எப்பகுதிக்கு உரியது என்பதைக் கருவி கூறுவதில்லை. அதனைக் கண்டறிந்து பொருள் காண்பது உயிரித் தகவலியலின் பணியாகும்.

துணுக்குகளிலிருந்து தொடர்

2019 டிசம்பரில் சீனாவின் வூகான் நகரில் காரணம் அறியப்படாத நிமோனியா பரவியது. நோயாளி ஒருவரின் நுரையீரலிலிருந்து பெற்ற திரவத்தை ஜாங் யோங்ஜென் குழுவினர் ஆராய்ந்தனர். அதிலிருந்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி வாசித்தபோது 5,65,65,928 துணுக்குகள் கிடைத்தன.

இத்தகைய ஆய்வின் முதற்படி தரம் பார்த்தலாகும். ஒவ்வோர் எழுத்துக்கும் கருவி தர மதிப்பெண் அளிக்கும். மதிப்பெண் 20 எனில் 100இல் ஒன்றும், 30 எனில் 1000இல் ஒன்றும் பிழையாக இருக்க வாய்ப்புண்டு. தரம் குறைந்தவை நீக்கப்படும்.

அடுத்தது தொகுத்தல். ‘மழைபெய்தா’, ‘பெய்தால்மண்’, ‘மண்மணக்கும்’ என்னும் மூன்று துணுக்குகளைக் காண்க. பொதுவான பகுதிகளைப் பொருத்தினால் ‘மழைபெய்தால்மண்மணக்கும்’ என்னும் தொடர் உருவாகும். இவ்வாறே கணினி 3,84,096 தொடர்களை உருவாக்கியது. அவற்றுள் மிக நீளமானதைத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டபோது, அது வௌவாலில் முன்னரே கண்டறியப்பட்ட கொரோனா வைரஸ் ஒன்றுடன் 89.1 விழுக்காடு ஒத்திருந்தது.

ஐயமும் தெளிவும்

2020 ஜனவரி 11 அன்று அவ்வரிசை உலகிற்கு வெளியிடப்பட்டது. முதலில் வெளியான வரிசையில் 30,473 எழுத்துகள் இருந்தன. மீண்டும் சரிபார்த்துத் திருத்தப்பட்டபின் அது 29,903 எழுத்துகளாக நிலைபெற்றது. நோயறியும் சோதனைகள் பலவும் தடுப்பூசிகள் பலவும் இவ்வரிசையைக் கொண்டு வடிவமைக்கப்பட்டன. எனவே, கணினி தந்த விடையை ஐயுற்றுச் சரிபார்த்தல் உயிர்காக்கும் கடமையாயிற்று.

பிழையா, மாற்றமா?

மூல வரிசை கிடைத்தபின், பிற நோயாளிகளின் துணுக்குகளை அதனுடன் பொருத்தி மாற்றங்களைக் கண்டறிந்தனர். ஓரிடத்தை 200 துணுக்குகள் வாசித்திருக்க, ஒன்று மட்டும் வேறுபட்டால் அது பெரும்பாலும் கருவியின் பிழை. ஏறத்தாழ அனைத்தும் வேறுபட்டால் அது வைரஸின் மாற்றம். 23,403ஆம் இடத்தில் ‘ஏ’ என்பது ‘ஜி’ என மாறிய வைரஸ் 2020இல் உலகெங்கும் பரவியதை இம்முறையே காட்டியது.

பதிப்பாசிரியரும் இவ்வாறே ஒரு சுவடியில் மட்டும் உள்ள வேறுபாட்டைக் கைப்பிழையோ என ஐயுறுவர். ஒரே சுவடியைப் பார்த்து எழுதிய பல படிகளைப் பல சான்றுகளாகக் கொள்ளார். அதுபோன்றே, ஒரே துணுக்கின் நகல்கள் எத்தனை இருப்பினும் உயிரித் தகவலியலார் அவற்றை ஒரே சான்றாகக் கொள்வர். வாசிக்கும் வேகம் கருவிக்குரியது; எதை நம்புவது எனத் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதருக்குரியது.

கற்பவை கற்றபின்...

மனிதர் ஒருவரின் மரபணுத்தொகையில் ஓரிடத்தை 100 துணுக்குகள் வாசித்துள்ளன. 52 துணுக்குகள் ‘ஏ’ எனவும் 48 துணுக்குகள் ‘ஜி’ எனவும் காட்டுகின்றன. இது கருவியின் பிழையா? தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மரபுச்செய்தியின் ஒவ்வொரு படியைப் பெறுகிறோம் என்பதைக் கருத்திற்கொண்டு விடையளிக்க.