மேடுபள்ளச் சாலையில் வேகக் கார்

வேகமாக ஓடும் கார் ஆடாமல் நிற்க வேண்டுமானால் அதன் வில்களை இறுக்க வேண்டும் என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். 1983ஆம் ஆண்டு, இயற்பியல் இரண்டாமாண்டு மாணவனாக இருந்தபோது, கூட்டேரிப்பட்டுக்கு அருகே ஒரு புளியமரத்தடியில் அந்த எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது.

என் சித்தப்பாவிடம் ஒரு பழைய பியட் கார் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், அந்நாளில் கார்ப் பந்தயங்கள் நடைபெறும். (இருங்காட்டுக்கோட்டைப் பந்தயச் சாலை வந்தது 1990இல்தான்.) அதைப் பார்த்து வந்த சித்தப்பாவுக்குத் தம் காரும் வளைவில் சாயாமல் பாய வேண்டும் என்ற ஆசை பிறந்தது. விழுப்புரத்துப் பட்டறை ஒன்றில் பின்புற வில்லில் இரண்டு எஃகுப் பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. "இனிமே கல்லு மாதிரி நிக்கும் பாருடா" என்றார்.

மறுவாரம் திண்டிவனம் புறப்பட்டோம். விக்கிரவாண்டி தாண்டியதும் வேகம் 90 கிலோமீட்டர். கரும்பு வண்டிகள் ஓடி ஓடிச் சாலை அலை அலையாகக் கிடந்த ஒரு வளைவில் காரின் பின்பகுதி தடதடவென்று துள்ளியது. துள்ளியபடியே வெளிப்புறம் விலகிற்று. எதிரே பேருந்து. சித்தப்பா இடப்பக்கம் ஒடித்தார். பேருந்துக்குத் தப்பினோம், மரத்துக்குத் தப்பவில்லை. அவருடைய தோள் எலும்பு முறிந்தது.

ஊருக்குள் ஒழுங்காக ஓடிய கார் அங்கே ஏன் துள்ளியது? மருத்துவமனை வாசலில் அமர்ந்து கணக்கிட்டேன். 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். சாலையின் அலைகள் 2 மீட்டர் இடைவெளியில் இருந்தால் சக்கரத்தை வினாடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் தட்டும். அச்சும் சக்கரமும் தாமாகத் துள்ளும் அதிர்வெண் பெரும்பாலும் 10 முதல் 15 வரை. இரண்டும் பொருந்தினால் ஒத்ததிர்வு! ஊருக்குள் 40 கிலோமீட்டரில் அதே அலைகள் ஆறு முறைகூடத் தட்டமாட்டா.

சாலையைப் பிடித்திருப்பது நான்கு டயர்களின் உள்ளங்கையளவுப் பரப்பே ஆகும். துள்ளும் டயர் தரையை அழுத்தாத கணத்தில் உராய்வு விசையும் இல்லை. பக்கவாட்டில் பிடிக்க எதுவுமில்லை. கட்டை வண்டியிலும் வில்வண்டியிலும் பயணம் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வில் என்பது நம் முதுகுக்காக மட்டுமன்று. சக்கரம் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கித் தரையோடு ஒட்டியிருப்பதற்காகவும்தான். துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். வில் இறுக இறுக அதே ஷாக் அப்சார்பர் போதாமற் போகும். நாங்கள் வில்லை மாற்றினோம்; தேய்ந்த ஷாக் அப்சார்பரைத் தொடவேயில்லை.

இன்னொரு பிழையும் உண்டு. பின்புறத்தை மட்டும் இறுக்கினால், வளைவில் வெளிப்புறச் சக்கரத்துக்கு மாறும் சுமையில் பெரும்பங்கைப் பின் அச்சே சுமக்கும். பிடிப்பை முதலில் இழப்பதும் அதுவே. பியட்டின் பின் அச்சு ஒரே துண்டாகையால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும்.

இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1962இல் வெளியிட்ட லோட்டஸ் எலான் என்ற சிறிய விளையாட்டுக் கார் எதிர்வழியில் சென்றது. எடை சுமார் 700 கிலோ, நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசைபவை, வில்களோ மென்மையானவை. வளைவுகளில் அதன் பிடிப்பு இன்றும் புகழப்படுகிறது. பார்முலா பந்தயக் கார்களில் வில் இறுக்கமாக இருப்பது உண்மைதான். ஆனால் அவை சமதளப் பாதையில் ஓடுபவை. காற்றின் அழுத்தமே அவற்றைத் தரையோடு அமுக்குகிறது. நம் பியட்டுக்கு அந்தக் காற்று எங்கே?

காரைச் சரிசெய்தபோது கூடுதல் பட்டைகளைக் கழற்றி, நான்கு ஷாக் அப்சார்பர்களையும் புதிதாக மாற்றினோம். கூரைமேல் இருந்த சாமான் கம்பிச் சட்டத்தையும் எடுத்துவிட்டோம். ஈர்ப்பு மையம் சற்றே தாழ்ந்தது. மூன்று மாதம் கழித்து அதே வளைவில், 60 கிலோமீட்டரில், நான் ஓட்டினேன். பின்பகுதி ஒருமுறை அமுங்கி எழுந்து அடங்கியது. சித்தப்பா பக்கத்தில் அமர்ந்து, தோளைப் பிடித்தபடி, அந்தப் புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.