மலைக்கு அப்பால் கேட்கும் மேளம்: ஒலியலைகளின் கோணல்

கண்டி எசல பெரஹரா இரவில், பைரவகந்தைக்குப் பின்புறம் நீர் நிற்பதாகக் கொள்க. தவுல் மேளத்தின் கனத்த ஓசை காதில் விழும். ஹொரணையின் கீச்சொலியோ மிக மெலிந்திருக்கும். ஏன்?

வேகம் = மீடிறன் × அலைநீளம். வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் எனின், 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 340 ÷ 100 = 3.4 மீற்றர். 2000 ஹேர்ட்ஸ் ஒலிக்கு 0.17 மீற்றர் மட்டுமே. அலைநீளம் கூடிய அலை, மலைமுகட்டின் விளிம்பில் கூடுதலாக வளைந்து மறைவிடத்தினுள் புகும். இதுவே கோணல். ஆயினும் மலை 3.4 மீற்றரிலும் மிகப் பெரிது. ஆகவே தாழ்சுருதி ஒலியும் வலுக் குறைந்தே வந்து சேரும். "தடையின்றி வரும்" என எழுதினால் புள்ளி போய்விடும்.

மாணவர் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். தெளிந்த இரவில் பள்ளத்தாக்கின் அடியில் வளி குளிர்ந்தும் மேலே சற்று வெப்பமாயும் இருக்கலாம். குளிர்ந்த வளியில் ஒலி மெதுவாகச் செல்வதால், மேலெழுந்த அலை கீழ்நோக்கி வளையும். இது கோணல் அன்று, முறிவு. ஹந்தானைச் சரிவில் பட்டுத் திரும்பினால் தெறிப்பு. வினாவில் "வளைதல்" எனக் கண்டதும் அவசரப்படாதீர். அலையின் வேகம் மாறுகிறதா என முதலில் பாரும்.

பயிற்சி: 170 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் யாது? (விடை: 2 மீற்றர்)