குளிசையின் பெயர் மாறும்போது

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ மூதூர், கிண்ணியா ஆஸ்பத்திரிகளிலோ கிளினிக் மருந்து கையிருப்பில் இல்லையென்றால், வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். பாமசியில் அதே மருந்து இரண்டு மூன்று கொம்பனிப் பெயர்களில் இருக்கும். விலையோ ஒன்றுக்கொன்று எட்டாது. வலிப்புக்கும் மனநோய்க்கும் ஆண்டுக்கணக்காகக் குளிசை எடுப்பவர்கள் இந்த இடத்தில் பயந்து, கடன்பட்டாவது விலை கூடியதை வாங்குகிறார்கள். முடியாதவர்கள் குளிசையையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தேவையற்றவை, இரண்டாவது உயிராபத்தானது. விலை குறைந்த குளிசையைவிட, யாரும் கவனிக்காமல் குளிசை மாறிப்போவதே அஞ்சவேண்டிய விஷயம்.

எனவே முதலில் அட்டையில் பெரிதாக அச்சிட்ட பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். டெக்ரெட்டோல் என்பது கொம்பனி வைத்த பெயர். கார்பமசெப்பின் என்பதே மருந்து. பேராசிரியர் செனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது இந்நாடு பிடித்துக்கொண்ட வழி இதுதான்: மருந்தை அதன் பொதுப்பெயரால் எழுது, அப்பெயரால் வாங்கு. அதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2,070 ஒப்பீட்டு ஆய்வுகளை அலசி 2009இல் வெளியிட்ட முடிவின்படி, உடலில் சேரும் மருந்தின் அளவில் முதலில் கொண்டுவந்த கொம்பனியின் மூலக் குளிசைக்கும் பொதுப்பெயர்க் குளிசைக்கும் இடையிலான சராசரி வேறுபாடு ஏறக்குறைய 3.5 சதவீதம்தான்.

சராசரி எல்லா மருந்துக்கும் பொருந்துமா என்று கேட்பது நியாயம். பொருந்தாது. பெனிற்றோயின், கார்பமசெப்பின், பீனோபார்பிற்றோன், லித்தியம் ஆகியவற்றில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. 1968இல் அவுஸ்திரேலியாவில் பெனிற்றோயின் எடுத்த பலர் தள்ளாடி விழுந்தார்கள். கப்சூல் கூட்டின் உள்ளே மருந்தோடு நிரப்பும் கல்சியம் சல்பேற்றுக்குப் பதிலாக லக்ரோஸ் சேர்த்திருந்தார்கள். அதனால் மருந்து கூடுதலாக உறிஞ்சப்பட்டது. அங்கே கொம்பனிப் பெயர் மாறவேயில்லை என்பதை நினைவில் வையுங்கள். பெயரை நம்பியிருந்தவர்களைப் பெயர் காப்பாற்றவில்லை. ஆகவே இந்த நான்கில் ஒன்றை எடுப்பவர், எந்தத் தயாரிப்பு ஒத்துக்கொண்டதோ அதிலேயே நிற்கட்டும், அது மலிவானதாக இருந்தாலும்.

மெதுவாகக் கரையும் குளிசைகளும் தனிக் கவனம் கேட்பவை. மனச்சோர்வுக்கான புப்ரோபியன் 300 மில்லிகிராம் நீள்கரைவுக் குளிசையின் பொதுப்பெயர்த் தயாரிப்பு ஒன்று, மூலக் குளிசைக்கு ஈடில்லை என்று 2012இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. 150 மில்லிகிராமில் செய்த சோதனையை வைத்தே 300க்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஆகையால் பெயருக்குப் பின்னால் வரும் எஸ்.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல். போன்ற எழுத்துகள் பழைய அட்டையிலும் புதிய அட்டையிலும் ஒன்றா என்று பாருங்கள். அத்தகைய குளிசையைப் பொடியாக்கவோ மென்று விழுங்கவோ கூடாது.

அடுத்தது கிளினிக் கொப்பி. ஆஸ்பத்திரியில் குளிசையைக் கடதாசி உறையில் போட்டுத் தந்தால் தயாரித்தவர் யாரென்று தெரியாது; கேட்டு, பொதுப்பெயர், மில்லிகிராம், தயாரிப்பு, மாறிய திகதி நான்கையும் எழுதிவையுங்கள். கார்பமசெப்பினையும் வலிப்புக்கான வல்புரோவேற்றையும் ஈரம் படாதபடி அட்டையோடு தரும்படி கேளுங்கள். கார்பமசெப்பின் ஈரத்தில் கெட்டியாகி, மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வலுவிழக்கும். கடற்காற்றும் வாடைமழையும் உள்ள துறைமுகப் பட்டினத்தில் இது சின்ன விஷயமில்லை. புதுக் குளிசை பிடிக்கவில்லை என்று பலர் குறைசொல்வதில், குசினி அலுமாரியில் ஈரம் குடித்த குளிசையின் பங்கும் இருக்கலாம்.

வெளிநாட்டில் சரி, இங்கே தரத்தை எப்படி நம்புவது என்பார்கள். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்குள் வந்ததைப் பார்த்த மக்கள் அப்படிக் கேட்காவிட்டால்தான் வியப்பு. ஆனால் கொம்பனிப் பெயர் அதற்கு மருந்தாகாது. போலி செய்பவர் பெயர்பெற்ற குளிசையையும் போலி செய்வார். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான மருந்துதானா என்று பாமசிக்காரரிடம் கேளுங்கள், பற்றுச்சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

மாறியே தீரவேண்டுமென்றால் டொக்டரிடம் சொல்லிவிட்டு மாறி, முதல் சில வாரங்கள் கவனியுங்கள். வலிப்பு கூடுதல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, கடும் தூக்கம், லித்தியம் எடுப்பவருக்குக் கைநடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; வலிப்புக் குளிசையைத் தானாக நிறுத்தினால் ஓயாத வலிப்பு வரலாம். லித்தியத்துக்கு இரத்தம் சோதிக்கச் சொன்னால், கடைசிக் குளிசை எடுத்து 12 மணித்தியாலத்துக்குப் பிறகே இரத்தம் கொடுக்கவேண்டும். முதல்நாள் இரவு எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதைக் கொப்பியில் குறித்து, காலைக் குளிசையைக் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பின் விழுங்குங்கள்.