மருந்து நாக்கில் நின்றால் போதுமா?

குப்பம் பக்கம் கிரானைட் கல் வேலை உண்டு. கல் தூசி பறக்கும். வீட்டிலோ விறகடுப்புப் புகை. இழுப்பு உள்ளவர்களுக்கு இரண்டும் ஆகாது. இவர்களுக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதித் தருகிறார்.

"மாசா மாசம் காசு கொடுத்து வாங்கறேன். ராத்திரி இழுப்பு நிக்கலையே, நர்சம்மா!" என்றார் ஒரு பெரியம்மா.

"எப்படி அடிக்கிறீங்க? காட்டுங்க பெரியம்மா."

பெரியம்மா வாயைத் திறந்தார். மருந்தை அடித்தார். உடனே வாயை மூடிக்கொண்டார்.

"மருந்து நாக்கிலேயே நின்னுபோச்சே! நுரையீரலுக்கு இல்ல போகணும்?"

சால்பூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் அதில் 40இல் ஒரு பங்குதான் வரும். நேராக நுரையீரலுக்குப் போவதால் அது போதும். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றும். கை நடுங்கும். இன்ஹேலர் பழகிவிடும் என்று பயப்படுவது வீண்.

நர்சம்மா செய்து காட்டினார். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கினார். மூச்சை வெளியே விட்டார். அதன் வாயை உதடுகளால் இறுகக் கவ்வினார். மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டே ஒருமுறை அழுத்தினார். அழுத்திய பிறகும் இழுப்பதை நிறுத்தவில்லை. பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கினார். பிறகே விட்டார்.

"அழுத்துறதும் இழுக்கிறதும் எனக்குச் சேர்ந்து வராதே!"

பலருக்கும் வராது. அதற்குத்தான் ஸ்பேசர் என்ற குழாய் இருக்கிறது. மருந்து அதில் தங்கும். நாம் நிதானமாக ஐந்தாறு மூச்சு இழுக்கலாம்.

ஸ்பேசர் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகர டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில், இன்ஹேலர் வாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். இடுக்கில்லாமல் ஒட்டினார்கள். இழுப்பு வந்த குழந்தைகளுக்கு அதன் வழியே மருந்து கொடுத்தார்கள். கடை ஸ்பேசரைப் போலவே வேலை செய்தது! 1999இல் இதை வெளியிட்டார்கள். தெர்மோகோல் கப் மட்டும் அவ்வளவு உதவவில்லை.

பாட்டிலை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். துடைக்காமல் காயவிடுங்கள்.

குப்பியை உடைத்துப் பொடியை இழுக்கும் கருவி வேறு. அதில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து என்றால், பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

பேச முடியாமல் மூச்சு திணறுகிறதா? உதடு நீலமாகிறதா? 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை பாட்டில் வழியே மருந்து கொடுத்துக்கொண்டிருங்கள்.