பிரமிடைக் கட்டியவர்களுக்குப் பெயர் உண்டு

எகிப்தின் கீசாவிலுள்ள பெரிய பிரமிடைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கதைகள் தவறாமல் வரும். சாட்டையடி பட்ட அடிமைகள் கட்டினார்கள் என்பது ஒன்று. வேற்றுக்கிரகவாசிகள் வந்து கட்டிக் கொடுத்தார்கள் என்பது மற்றொன்று. முதல் கதை கட்டியவர்களை மந்தையாக்குகிறது. இரண்டாவது கதையில் அவர்கள் இல்லவே இல்லை. இரண்டும் அநியாயம்.

அடிமைக் கதைக்கு வயது அதிகம். ஒரு லட்சம் பேர் மூன்று மாத முறை வைத்து வேலை செய்தார்கள், அதைக் கட்டுவித்த மன்னர் கூஃபு கொடுங்கோலர் என்றெல்லாம் எழுதியவர் கிரேக்கரான ஹெரோடோட்டஸ். அவர் எழுதியது கி.மு. 5ஆம் நூற்றாண்டில், பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில். இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் போனவர், அங்கிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். பிற்பாடு இதோடு பைபிளும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதிலுள்ள யாத்திராகமம் சொல்வது, இஸ்ரவேலர்கள் செங்கல் அறுத்துப் பண்டக நகரங்களைக் கட்டிய கதையை. பிரமிடு என்ற பேச்சே அதில் கிடையாது. கீசாவின் பிரமிடுகளோ கல்லால் ஆனவை.

1990-ல் பிரமிடுகளுக்குத் தெற்கே ஒரு குதிரையின் கால் மண்சுவர் ஒன்றில் இடறியது. தோண்டிப் பார்த்தால், கட்டுமானத் தொழிலாளர்களின் கல்லறைகள். தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸின் குழு அகழ்ந்த அந்த இடுகாட்டில், மன்னரின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே தொழிலாளிகளும் மேற்பார்வையாளர்களும் புதைக்கப்பட்டிருந்தார்கள். மறுமைக்கென்று ரொட்டிக்கும் பீருக்குமான பாண்டங்களும் கூடவே இருந்தன. எலும்புகளில் பாரம் சுமந்த தேய்மானம் தெரிந்தது. முறிந்த கைகால்களுக்குக் கட்டுப்போட்டு நேராகச் சேர்த்துவைத்த அடையாளமும் தெரிந்தது. அருகிலேயே தொல்லியலாளர் மார்க் லெனர் அகழ்ந்த தொழிலாளர் ஊரில் ரொட்டிச் சூளைகளும், நீண்ட தங்கும் கூடங்களும், ஏராளமான மாட்டெலும்புகளும் ஆட்டெலும்புகளும் கிடைத்தன. வேலை செய்தவர்களுக்கு இறைச்சி கிடைத்திருக்கிறது.

அதற்காக எல்லோரும் ஆசைப்பட்டு ஓடிவந்தார்கள் என்று எதிர்க்கதை கட்டிவிடக் கூடாது. நிரந்தரமாக வேலை பார்த்த கைதேர்ந்த கல்தச்சர்கள் ஒருபுறம் இருக்க, மற்றவர்கள் முறைவைத்து ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். அரசுக்கு உழைப்பாகச் செலுத்திய வரி அது. மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்திருக்காது. ஆனாலும் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் அல்லர் அவர்கள்.

இந்த ஆதாரங்கள் எல்லாவற்றிலும் என்னை மிகவும் நெகிழ வைப்பது ஒரு நாட்குறிப்பு. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், கூஃபு காலத்துத் துறைமுகம் ஒன்று இருந்தது. சினாய்க்குச் செம்பு எடுக்கப் போகிறவர்கள் அங்கிருந்துதான் கடலைத் தாண்டினார்கள். 2013-ல் தொல்லியலாளர் பியர் தாலே தலைமையிலான குழு அங்கே பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழையவை. அவற்றில் ஒன்று மெரேர் என்பவர் எழுதிய பணிக்குறிப்பு. சுமார் 40 பேர் கொண்ட படகுக் குழுவுக்கு அவர் தலைவர். நைலின் கிழக்குக் கரையிலுள்ள துரா குவாரியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஏற்றியது, வழியில் இராத் தங்கியது, ‘கூஃபுவின் அடிவானம்’ என்று அவர்கள் அழைத்த பிரமிடில் போய் இறக்கியது, வெறும் படகோடு திரும்பியது என்று நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார். மேலதிகாரியாக மன்னரின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அன்க்ஹாஃபின் பெயரும் வருகிறது. கூடவே கிடைத்த மற்ற ஏடுகளில் குழுவுக்கு வந்த தானியக் கணக்கு இருக்கிறது. பிரமிடின் வெளியுறைக் கல்லை ஏற்றிவந்தவரே தன் கைப்பட எழுதியதற்கு மேல் வேறென்ன சாட்சி வேண்டும்?

வேற்றுக்கிரகக் கதைக்காரர்கள் கேட்பது, இவ்வளவு பெரிய கட்டடம் திடீரென்று எப்படி முளைத்தது என்று. திடீரென்று முளைக்கவில்லை. ஸக்காராவில் மன்னர் ஜோசருக்கு எழுந்த படிப் பிரமிடு சுமார் நூறாண்டு முந்தியது. கூஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு தாஷூரில் கட்டிய பிரமிடில், வேலை நடக்கும்போதே விரிசல் கண்டது. ஏறக்குறைய 54 பாகையில் எழுந்துகொண்டிருந்த சரிவைப் பாதியில் 43 பாகைக்குக் குறைத்தார்கள். அந்த வளைவை இன்றும் பார்க்கலாம். அடுத்த பிரமிடை முழுக்க 43 பாகையிலேயே எழுப்பினார்கள். அதற்கடுத்த தலைமுறைதான் 146 மீட்டர் உயரக் கூஃபு பிரமிடைச் சாதித்தது. தடுமாறித் திருத்திக் கற்றுக்கொண்ட கைகளின் தடம் இது.

கல்லை நகர்த்திய விதத்துக்கும் தடயம் உண்டு. கி.மு. 1900 வாக்கில் ஜெஹூதிஹோடெப் என்ற அதிகாரியின் கல்லறையில் தீட்டிய ஓவியத்தில், 172 பேர் ஒரு பெரிய சிலையைச் சறுக்குவண்டியில் இழுக்கிறார்கள். ஒருவர் முன்னால் நின்று மணலில் நீர் ஊற்றுகிறார். நீரின் அளவு சரியாக இருந்தால் இழுக்கும் விசை பாதியாகக் குறையும் என்று 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். கீசாவில் சாய்தளம் நேராகப் போனதா, சுற்றிச் சுற்றி ஏறியதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் சாய்தளத்தின் வடிவத்தைப் பற்றியது. கட்டியது எகிப்தியர்கள் என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. பிரமிடுக்குள் மன்னரின் அறைக்கு மேலே, கட்டி முடித்தபின் யாரும் நுழையாதபடி மூடிய சிற்றறைகளில், கூஃபுவின் பெயரைத் தாங்கிய வேலைக்குழுக்களின் பெயர்கள் சிவப்புச் சாயத்தில் இருக்கின்றன. 1837-ல் அவை வெளிப்பட்டன.

இன்னும் சில தவறான கதைகளும் உண்டு. கற்களுக்கிடையே கத்தி முனைகூட நுழையாது என்பது வெளியுறைக் கற்களுக்குத்தான் பொருந்தும். அவற்றில் பெரும்பகுதியைப் பிற்காலத்தில் பெயர்த்துக்கொண்டு போய்க் கெய்ரோவில் கட்டடம் கட்டிவிட்டார்கள். இன்று கண்ணுக்குத் தெரியும் உட்கற்கள் கரடுமுரடானவை, இடைவெளிகளில் ஜிப்சச் சாந்து நிரப்பியவை. மன்னர் துட்டன்காமுனின் மம்மி கிடைத்தது பிரமிடில் அல்ல. 1922-ல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் அவர் கல்லறையைக் கண்டுபிடித்தது, தெற்கே வெகுதொலைவில் உள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கில். கீசாவின் ஸ்ஃபிங்ஸ் சிலையின் மூக்கை நெப்போலியனின் பீரங்கி உடைத்தது என்பதும் பொய். டென்மார்க்கைச் சேர்ந்த நார்டன் என்பவர் 1737-ல் வரைந்த படத்திலேயே மூக்கு இல்லை. நெப்போலியன் பிறந்ததே 1769-ல்.