சிமெண்டும் கதிரியக்கக் கழிவும்

பாகான் டாலாம் போன்ற கடலோரப் பகுதிகளில் பழைய காங்கிரீட் தூண்கள் வெடித்து உதிர்வதை நாம் கண்டிருக்கிறோம். உப்புநீர் உட்புகுந்து இரும்புக் கம்பிகள் துருவேறிப் பருப்பதே அதற்குக் காரணம். இத்தகைய பொருளை நம்பிக் கதிரியக்கக் கழிவை ஒப்படைக்கலாமா? இதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இக்கேள்வி நம் நாட்டிலேயே எழுந்ததாகும். பேராக் மாநிலம் புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஓர் ஆலை, ஈயச் சுரங்க மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்தது. எஞ்சிய கழிவில் தோரியம் இருந்தது. அதனைப் புதைக்கப் பாப்பானில் அமைக்கப்பட்ட குழிகளை 1984இல் மக்கள் எதிர்த்தனர். அனைத்துலக அணுசக்தி நிறுவன வல்லுநர்களும் அக்குழிகள் பாதுகாப்பற்றவை எனக் கண்டனர். 1985இல் அரசாங்கம் வேறிடத்தைத் தேர்ந்தது. ஆலை 1994இல் மூடப்பட்டது. பின்னர் வகுக்கப்பட்ட துப்புரவுத் திட்டத்தில், 80,000க்கும் மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களிலிருந்த கழிவைச் சிமெண்டுடனும் ஜிப்சத்துடனும் கலந்து குன்றின் உள்ளே புதைக்க முடிவாயிற்று.

சிமெண்டு கழிவை இரு வழிகளில் பிடித்து வைக்கிறது. முதலாவது, இறுகிய சிமெண்டினுள் நீர் மிக மெதுவாகவே நகரும். இரண்டாவது, அதன் நுண்துளை நீர் கடுங்காரத் தன்மை உடையது. அமிலம் சேர்த்தால் ரப்பர்ப் பால் உறைகிறதன்றோ? அங்கே அமிலம் செய்வதுபோல் இங்கே காரம் வேலை செய்கிறது. நீரில் கரைந்த தோரியம் போன்ற உலோகங்கள் திண்மமாகப் படிந்துவிடுகின்றன.

எனினும் எல்லாப் பொருளும் இவ்வாறு அடங்குவதில்லை. அணு உலைக் கழிவிலுள்ள சீசியம் எளிதில் கரைந்து நழுவும். ஆகவே அதனைப் பற்றும் களிமண் வகைகளையும் சிமெண்டுடன் கலப்பர். சீசியம்-137இன் கதிரியக்கம் ஏறக்குறைய 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 300 ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அதுவரை காங்கிரீட்டைக் காப்பது இயலக்கூடியதே. தோரியம் பாதியாகவோ சுமார் 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும்! அத்தனை காலம் நிற்கும் காங்கிரீட் ஏதுமில்லை. எனவேதான் உயரமான இடம், களிமண், கருங்கல் மூடாக்கு, இடைவிடாக் கண்காணிப்பு ஆகியவையும் தேவைப்படுகின்றன.

சிமெண்டு நல்ல காவலன்; ஆயினும் தனிக் காவலன் அன்று. விரிசலும் நீர்க்கசிவும் அதன் பகைகள். மூவிதழ்க் கதிரியக்கச் சின்னம் பொறித்த பீப்பாயையோ பெட்டியையோ எங்கேனும் கண்டால் தொடாது விலகி நின்று, உடனே அதிகாரிகளுக்கு அறிவிப்போமாக. வெறும் பீப்பாய்தானே என்று தண்ணீர் பிடிக்க வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் கூடவே கூடாது.